தணிகை மலையில் மூன்று புலிகள்

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகத் திருத்தணி போகும் மின்சார ரயிலில், தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் ஒருவராவது கைப்பேசியில் வியூக ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பார். அவருடைய வீரன் எதிரிக்கு இரண்டு கட்டம் தள்ளி நிற்கிறான். குண்டு படுவதற்கான வாய்ப்பு 95 சதவீதம் என்கிறது திரை. பொத்தானை அழுத்துகிறார். குண்டு எதிரியின் காதோரம் பறந்து போகிறது. அடுத்த முறை எதிரி சுடுகிறான், வீரன் காலி.

“இது ஏமாத்து வேலை. கம்ப்யூட்டர் வேணும்னே பண்ணுது.”

இந்தச் சந்தேகம் வராத ஆட்டக்காரர் இல்லை. கணினி நிஜமாகவே ஏமாற்றுகிறதா? அல்லது 95 என்ற எண்ணை நம் மனம் தவறாகப் படிக்கிறதா? விடை தேடப் போனால், ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த அத்தியாயத்தில் அதைத்தான் செய்யப்போகிறோம். ஆட்டம் கற்பனை, காலம் எதிர்காலம். ஊர் மட்டும் நிஜம்: ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி.

இருபதில் ஒன்று

முதலில் கணக்கு. 95 சதவீதம் என்றால் சராசரியாக இருபது குண்டுகளில் ஒன்று தவறும். ஒரு களத்தில் ஆறு வீரர்கள், ஆளுக்கு எட்டு முறை சுடுகிறார்கள் என்றால் மொத்தம் 48 குண்டுகள். அத்தனையும் தவறாமல் படுவதற்கான வாய்ப்பு சுமார் 8.5 சதவீதம்தான். அதாவது, ஒன்றாவது தவறுவதற்கே வாய்ப்பு மிக அதிகம். ஆனால் பட்ட 46 குண்டுகளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தவறிய இரண்டுதான் இரவு தூக்கத்தைக் கெடுக்கும்.

‘சிவிலைசேஷன்’ வரிசை ஆட்டங்களை உருவாக்கிய சிட் மையர், 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆட்ட வடிவமைப்பாளர்களிடையே பேசும்போது இதைப் பற்றி வேடிக்கையாகக் குறிப்பிட்டார். தங்கள் பலம் மூன்று, எதிரியின் பலம் ஒன்று என்றிருக்கும்போது தோற்றால் ஆட்டக்காரர்கள் கொதித்துப்போகிறார்கள். எதிரிக்கு மூன்று, தங்களுக்கு ஒன்று என்றிருந்து தாங்கள் ஜெயித்துவிட்டால் அதே ஆட்கள் எந்தப் புகாரும் சொல்வதில்லை. திறமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் மையரின் குழு மனித மனத்துக்கு ஏற்றபடி கணக்கை வளைத்தது. இரண்டு முறை தொடர்ந்து தோற்றவருக்கு மூன்றாவது முறை கொஞ்சம் சலுகை கிடைத்தது.

ஜப்பானின் ‘ஃபயர் எம்பளம்’ இன்னும் நுணுக்கமாக வளைத்தது. 1990இல் தொடங்கிய இந்த வரிசையில், 2002இல் வந்த ஆட்டத்திலிருந்து கணினி ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை உருட்டி, அவற்றின் சராசரியைப் பார்த்தது. இரண்டின் சராசரி நடுவிலேயே குவியும். அதனால் திரையில் 90 என்று காட்டினால் உண்மையில் 98.1 சதவீதம் படும். 75 என்று காட்டினால் 87.75. 10 என்று காட்டினால் 2.1தான். பெரிய எண் இன்னும் பெரிதாகிறது, சிறியது இன்னும் சிறிதாகிறது. 90 என்றால் ‘கட்டாயம் படும்’, 10 என்றால் ‘படாது’ என்று நம் மனம் ஏற்கெனவே படித்துவைத்திருப்பதற்குக் கணினி ஒத்து ஊதுகிறது.

ஆக, ரயிலில் உட்கார்ந்திருப்பவரின் சந்தேகம் பாதி சரி. கணினி பல நேரங்களில் ஏமாற்றத்தான் செய்கிறது, ஆனால் அவருக்குச் சாதகமாக!

உருட்டிவிட்டு யோசிப்பதா, யோசித்துவிட்டு உருட்டுவதா

சதவீதக் கணக்கைவிட முக்கியமான ஒன்று தாயத்தில் ஒளிந்திருக்கிறது. தாயத்தில் முதலில் கட்டையை உருட்டுகிறோம். ஐந்து விழுந்தால் எந்தக் காயை ஐந்து கட்டம் நகர்த்துவது, யாரை வெட்டுவது, எந்தக் காயை மலையில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது என்று அதன் பிறகு யோசிக்கிறோம். அதிர்ஷ்டம் முன்னே, முடிவு பின்னே. மோசமான எண் விழுந்தாலும் அதைவைத்து என்ன செய்வது என்ற அதிகாரம் நம் கையில் இருக்கிறது.

பரமபதத்தில் அந்த அதிகாரமே கிடையாது. உருட்டியது தலைவிதி, பாம்போ ஏணியோ.

கைப்பேசி வியூக ஆட்டம் இரண்டையும்விடக் கொடுமையானது. அங்கே முதலில் மூளையைக் கசக்கி, பதுங்கி, சுற்றிவளைத்து, சரியான கோணம் பிடித்து முடிவெடுக்கிறோம். அதன் பிறகு கட்டை உருளுகிறது. பத்து நிமிட யோசனை ஒரு நொடியில் வீணாகிறது. 95 சதவீதம் தவறும்போது வரும் கோபத்துக்கு மூலகாரணம் எண் அல்ல, அதிர்ஷ்டம் வந்து நிற்கும் இடம். அதிர்ஷ்டத்தை முடிவுக்கு முன்னே வைத்தால் ‘முன்வாய்ப்பு’, பின்னே வைத்தால் ‘பின்வாய்ப்பு’ என்று இங்கே பெயர் வைத்துக்கொள்வோம். நாம் கட்டப்போகும் ஆட்டத்தில் எதை எங்கே வைப்பது என்பது பெரிய முடிவு. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோம்.

சதுரங்கத்திலிருந்து வேற்றுக்கிரகம் வரை

நாம் கட்டப்போவது ஒரு ‘வியூகப் பாத்திர ஆட்டம்’. அது இரண்டு சரக்குகளின் கலப்பு. ஒரு குழுவைப் பலகைமீது நகர்த்திப் போரிடும் சதுரங்க மூளை ஒன்று. அந்தக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், குணம், வளர்ச்சி என்று கதை சொல்லும் நாடகம் மற்றொன்று.

சதுரங்கத்தில் காய்களுக்கு முகம் இல்லை. சிப்பாய் வெட்டுப்பட்டால் யாரும் அழுவதில்லை. 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் நிஜ நில வரைபடத்தின் மேல் ஆடும் போர்ப் பயிற்சி ஒன்றை வெளியிட்டார். அதில் பகடை இருந்தது. கூடவே, யார் எதைப் பார்க்க முடியும் என்று தீர்ப்புச் சொல்ல நடுவர் ஒருவரும் இருந்தார். அந்த நடுவர்தான் பிற்காலத்தில் கதைசொல்லியாக மாறினார். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் படைக்குப் பதில் ஒருவருக்கு ஒரு பாத்திரம் என்றானது. மூன்றே ஆண்டுகளில், 1977இல், ‘டிராவலர்’ அதை விண்வெளிக்குக் கொண்டுபோனது. 1994இல் ஜூலியன் கோலப் உருவாக்கிய ‘எக்ஸ்-காம்’ ஆட்டத்தில் வேற்றுக்கிரகத்தாரை எதிர்க்கும் குழுவில் ஒவ்வொரு வீரருக்கும் பெயர் இருந்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் நண்பர்களின் பெயரை வைத்து, அவர்கள் செத்தபோது உண்மையாகவே வருந்தினார்கள்.

மேலை நாட்டு வரலாறு இவ்வளவு போதும். நமக்குத் தேவையான பலகை கோயில் மண்டபங்களின் கல்தரையில் செதுக்கிக் கிடக்கிறது.

மலையே பலகை

ஆடுபுலி ஆட்டம் தமிழ்நாட்டில் ஆடாத ஊர் இல்லை. எல்லை தாண்டினால் தெலுங்கில் ‘புலி ஜூதம்’. கோடுகள் குறுக்கிடும் 23 புள்ளிகள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் ஒவ்வொன்றாகப் பலகைக்குள் இறங்கும். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு போயிற்று. ஆடு எந்தக் காலத்திலும் புலியைக் கொல்ல முடியாது. நகர இடமில்லாமல் மடக்கத்தான் முடியும். பலகையைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மேலே ஒரு முனை, அங்கிருந்து விரிந்து இறங்கும் கோடுகள், குறுக்கே செல்லும் பாதைகள். மலையின் படத்தை ஒரு குழந்தை வரைந்தால் இப்படித்தான் இருக்கும்.

திருத்தணி மலைக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. உச்சியில் முருகன் கோயில். மேலே போக 365 படிகள், ஆண்டின் நாட்களைப் போல. ஒரு பக்கம் வாகனங்கள் ஏறும் சாலை. அடிவாரத்தில் சரவணப் பொய்கை. படி செங்குத்தானது, குறுகியது. சாலை சுற்றுவழி, அகலமானது. சமமில்லாத இந்த இரண்டு வழிகளே வியூகத்துக்கு வித்து.

பெரும்பாலான கணினி ஆட்டங்கள் தரையைச் சதுரக் கட்டங்களாக வெட்டும். அதில் ஒரு பழைய தொல்லை உண்டு. பக்கத்துக் கட்டத்துக்கு ஒரு மீட்டர் என்றால், மூலைக் கட்டத்துக்கு 1.41 மீட்டர். ஆனால் இரண்டையும் ஒரே அடியாக எண்ணினால், மூலைவாட்டில் ஓடுபவன் சும்மாவே வேகமாகிவிடுவான். இதற்காகவே 1960களில் போர் ஆட்டப் பலகைகள் அறுகோணக் கட்டங்களுக்கு மாறின. அறுகோணத்தில் ஆறு அண்டைக் கட்டங்களும் ஒரே தூரம். ஆனால் மலைக்கு அறுகோணமும் சரிப்படாது. மலையில் மனிதன் நினைத்த இடத்தில் கால் வைக்க முடியாது. பாதை இருந்தால் போகலாம், இல்லையென்றால் பாறை. ஆகவே கட்டங்களை விட்டுவிட்டு, ஆடுபுலிப் பலகையைப் போலப் புள்ளிகளும் கோடுகளும் போதும். 23 புள்ளிகள்: உச்சி மண்டபம், சாலையின் வளைவுகள், படிகளின் இளைப்பாறும் இடங்கள், பொய்கைக் கரை.

சம்ஹாரம் இல்லாத ஊர்

கதைக்கரு சிறியதாக இருக்கட்டும். ஆண்டு 2185. கோடையின் கொடுமையிலிருந்து ஊரைக் காக்க, மலைமேல் நிழற்கூரைகளைப் பராமரிக்கும் மூன்று நடமாடும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஒரு நாள் நிரல் கோளாறாகி, கூரைகளைப் பிடுங்கத் தொடங்குகின்றன. இவைதான் புலிகள். பதினைந்து மனிதர்கள் ஆடுகள்.

எளிதாக வரும் யோசனை, இயந்திரங்களை வெடிவைத்துத் தகர்ப்பது. பெரும்பாலான விஞ்ஞான ஆட்டங்களின் வெற்றி விதியும் அதுதான்: எதிரி ஒருவன் மிச்சமில்லாமல் ஒழி. ஆனால் நாம் தேர்ந்தெடுத்த ஊர் வேறு மாதிரி. கந்த சஷ்டியின்போது முருகன் கோயில்களில் எல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும், திருத்தணியில் நடப்பதில்லை. சூரனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்த தலம் இது என்பது ஐதீகம். அன்று இங்கே புஷ்பாஞ்சலிதான்.

இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஓர் ஆட்டத்தில் வெற்றி விதியை மாற்றினால் மற்ற எல்லா விதிகளும் தாமாக மாறும். ‘கொல்’ என்றால் ஆட்டக்காரர் குண்டின் வலிமையை எண்ணுவார். ‘மடக்கு’ என்றால் புலிக்கு அடுத்துள்ள காலி இடங்களை எண்ணுவார். 2018இல் வந்த ‘இன்டூ தி பிரீச்’ என்ற விஞ்ஞானப் புனைவு ஆட்டம் இதற்கு நல்ல சான்று. எட்டுக்கு எட்டு கட்டப் பலகை, பெரிய பூச்சிகள், அவற்றை எதிர்க்கும் இயந்திரங்கள். ஆனால் பூச்சிகளைக் கொல்வது இரண்டாம்பட்சம். கட்டடங்களைக் காப்பதே குறிக்கோள். பூச்சியைக் கொல்லாமல் ஒரு கட்டம் தள்ளிவிட்டால் அதன் அடி இன்னொரு பூச்சிமேல் விழும். எதிரி அடுத்து எங்கே தாக்குவான் என்பதையும் அந்த ஆட்டம் முன்கூட்டியே காட்டிவிடும். இவ்வளவு சிறிய பலகையில் அவ்வளவு யோசனை பிறப்பதற்கு இந்த இரண்டு விதிகள்தான் காரணம்.

திருத்தணி ஆட்டத்திலும் இயந்திரத்தை உடைத்தால் தோல்வி. உடைந்த இயந்திரம் நிழல் தராது.

வெயில் என்ற விதி

விஞ்ஞானப் புனைவு என்றவுடன் லேசர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது வெறும் வேடம். நல்ல விஞ்ஞானப் புனைவு ஆட்டத்தில் ஏதாவது ஓர் இயற்கை விதி நிஜமாகவே வேலை செய்ய வேண்டும். 1984இல் வந்த ‘பேட்டில்டெக்’ என்ற பலகை ஆட்டத்தில் ராட்சத இயந்திரங்களின் உண்மையான எதிரி வெப்பம். எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே நேரத்தில் சுட்டால் இயந்திரம் கொதித்து அணைந்துவிடும். அதனால் ஆட்டக்காரர் எதிரியைப் பார்ப்பதைவிட அதிகமாகத் தன் வெப்ப அளவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

திருத்தணிக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைக்காது. கோடைக்காலச் செய்திகளில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் திருத்தணி பெயர் இல்லாத நாள் அபூர்வம். ஆகவே நம் ஆட்டத்தின் ஆயுதம் வெயில்.

சூடான பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் பாதியானால் ஆறும் வேகமும் ஏறக்குறைய பாதியாகும். இயந்திரத்தின் உள்ளே இருக்கும் மின்னணுப் பாகங்கள் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்குக் காற்று 28 டிகிரி; வித்தியாசம் 42. நண்பகலில் காற்று 42 டிகிரி, வித்தியாசம் 28தான். ஆறும் வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டது.

இதை ஆட்டப் புள்ளிகளாக மாற்றுவோம். இயந்திரம் 10 வெப்பப் புள்ளி வரை தாங்கும். தாண்டினால் அணைந்துவிடும், பிறகு எழ நேரமாகும். ஒரு குதி குதித்தால் 5 புள்ளி ஏறும். ஒவ்வொரு முறையின் முடிவிலும் காலையில் 5 புள்ளி இறங்கும். நண்பகலில் மூன்றில் இரண்டு என்றால் 3.33, தாளில் ஆடும்போது தசமம் தொல்லை, ஆகவே 3.

காலையில் புலிக்குக் கட்டுப்பாடே இல்லை. ஐந்து ஏறுகிறது, ஐந்து இறங்குகிறது. முறைக்கு ஒரு முறை குதித்துக்கொண்டே இருக்கலாம். நண்பகலில் கதை வேறு. முதல் குதியில் 5, ஆறிய பின் 2. அடுத்த குதியில் 7, ஆறி 4. மூன்றாவதில் 9, ஆறி 6. நான்காவது குதியில் 11. புலி படுத்துவிட்டது! ஒரே விதி, ஒரே இயந்திரம். வெயில் ஏறியதும் மூன்று குதிக்கு மேல் தொடர்ந்து குதிக்க முடியாத புலியாகிவிடுகிறது.

மனிதருக்கும் வெயில் சலுகை காட்டாது. உடம்பு 37 டிகிரி, காற்று 42. காற்று நம் சூட்டை வாங்கிக்கொள்வதற்குப் பதில் நமக்குச் சூட்டைத் தரும். வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஆகவே காலையில் ஒரு முறையில் இரண்டு புள்ளி ஏறும் மனிதர் நண்பகலில் ஒரு புள்ளிதான் ஏறுவார். தண்ணீருக்குப் பொய்கை வரை இறங்க வேண்டியும் இருக்கலாம். புலியை மடக்கச் சரியான நேரம், ஆட்டுக்கும் மோசமான நேரம். இந்த இழுபறிதான் ஆட்டம்.

சமமில்லாத சமநிலை

மூன்று பேருக்கும் பதினைந்து பேருக்கும் போட்டி வைத்துவிட்டு, நியாயமான ஆட்டம் என்று எப்படிச் சொல்வது? ஆடுபுலி ஆட்டத்தின் நேபாள உறவினர் ‘பாக் சால்’: 25 புள்ளி, நான்கு புலி, இருபது ஆடு. யூர்க் நீவர்கெல்ட்டும் லிம் யூ ஜின்னும் அதைக் கணினியில் ஆராய்ந்தார்கள். இரு தரப்பும் பிழையே இல்லாமல் ஆடினால் யாரும் ஜெயிக்க மாட்டார்கள், சமன் என்பது அந்த ஆய்வில் கிடைத்த விடை. கணினி இல்லாத காலத்தில், ஆடி ஆடியே அந்த எண்ணிக்கைகளை நம் முன்னோர் பிடித்திருக்கிறார்கள் என்பது வியப்புதான்.

சமநிலையைத் தவறவிடுவதும் எளிது. ‘எக்ஸ்-காம்’ ஆட்டத்தில் ஒரு பிழை இருந்தது. எந்தக் கடின நிலையைத் தேர்ந்தெடுத்தாலும், சேமித்துவைத்த ஆட்டத்தை மறுபடி திறந்தால் அது சத்தமில்லாமல் மிக எளிய நிலைக்குத் திரும்பிவிடும். கடினத்தைத் தேர்ந்தெடுத்த வல்லவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்று உதட்டைப் பிதுக்கினார்கள். தயாரித்தவர்கள் அந்தப் புகாரை நம்பி, 1995இல் வந்த அடுத்த ஆட்டத்தைக் கடுமையாக்கினார்கள். அதை ஆடியவர்கள் பட்ட பாடு இன்றும் பேசப்படுகிறது. ஆட்டக்காரரின் புகார் உண்மை, காரணம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நம் ஆட்டத்தில் 23 புள்ளிகளில் 18 காய்கள். எல்லா ஆடுகளும் இறங்கிவிட்டால் காலி இடம் ஐந்தே ஐந்து. நெருக்கம் ஆட்டுக்கு நல்லது. ஐந்து ஆடுகள் போய்விட்டால் காலி இடம் பத்தாகும். அதற்குப் பிறகு புலியை மடக்குவது கனவு. எனவே ஆட்டின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கத் தோன்றும். அது முரட்டுத் திருகு. ஓர் ஆடு கூடினாலே ஆட்டம் தலைகீழாகலாம். நம்மிடம் மெல்லிய திருகு ஒன்று இருக்கிறது: ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பது. ஒரு முறைக்கு அரை மணி என்று வைத்தால், ஆறு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் பதினைந்தாவது ஆடு பகல் ஒரு மணிக்குத்தான் இறங்கும். ஏழு மணிக்குத் தொடங்கினால் புலிக்கு இரண்டு குளிர்ச்சியான முறைகள் குறையும். எண்ணிக்கையைத் தொடாமலே எடையை மாற்றலாம்.

ஆட்டுக்கு முகம் வரைதல்

இதுவரை கட்டியது வியூகம். பாத்திரம் இன்னும் வரவில்லை. பதினைந்து பேரில் ஒருவர் நகரியின் விசைத்தறிப் பரம்பரையில் வந்த பழுதுபார்ப்பவர். அணைந்த இயந்திரம் மறுபடி எழும் நேரத்தை ஒரு முறை தள்ளிப்போடுவார். இன்னொருவர் பள்ளிப்பட்டு நெசவாளி. நிழல் துணி விரித்து ஒரு புள்ளியைக் குளிரவைப்பார். அந்த நிழல் மனிதருக்கும் உதவும், புலி அங்கே வந்தால் புலிக்கும் உதவும். நல்ல திறமை இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும்.

எல்லை ஊர் என்றதும் வெளியூர் வடிவமைப்பாளர் ஒருவர் ‘தமிழ் பேசுபவரும் தெலுங்கு பேசுபவரும் சேர்ந்து நகர முடியாது’ என்று ஒரு விதி போடுவார். திருத்தணிக்காரர்கள் சிரிப்பார்கள். கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் வந்துபோகும் ஊர் இது. எல்லை வேறொரு இடத்தில் வேலைக்கு வரும். இத்தகைய ஆட்டங்களில் களப் பலகைக்கு மேலே வட்டாரப் பலகை ஒன்று இருக்கும்; ஆளும் பொருளும் திரட்டுவது அங்கேதான். 1950களில் ஆந்திர எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர், மாவட்டத்தையோ தாலுகாவையோ அளவாக எடுக்காமல் கிராமத்தை அளவாக எடுத்து, மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்தார். ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னணியில், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. கிராமத்துக்கு ஒரு புள்ளி, தொடர்ச்சி இருந்தால் ஒரு கோடு என்று போட்டால் வட்டாரப் பலகை தயார்.

செத்தவர் நிரந்தரமாகச் சாவதா என்ற கேள்வியும் உண்டு. ‘ஃபயர் எம்பளம்’ ஆட்டத்தில் வீழ்ந்த பாத்திரம் திரும்பாது. அதனால் பலர் ஒருவரை இழந்தவுடனே ஆட்டத்தை அணைத்துவிட்டு அந்தக் களத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். துக்கத்துக்காக வைத்த விதி, பொத்தானை அழுத்தும் பழக்கமாகிவிட்டது. 2010இல் அந்த வரிசையே, வீழ்ந்தவர் அடுத்த களத்தில் திரும்பும் எளிய முறையையும் சேர்த்தது. நம் மலைக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. புலி தாண்டிய ஆள் சாவதில்லை, அடிவாரத்துக்கு உருண்டுவிடுகிறார். மறுபடி ஏற வேண்டும். காலையில் உருண்டவர் சீக்கிரம் வந்துவிடுவார். நண்பகலில் உருண்டவர் அன்றைக்கு வந்து சேர்வது சந்தேகம். தண்டனையின் அளவையும் வெயிலே முடிவு செய்கிறது.

காற்று எப்போது வீசும்

தள்ளிப்போட்ட முடிவுக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் சுடுவது இல்லை. ஆகவே பின்வாய்ப்பு தேவையில்லை. ஆனால் அதிர்ஷ்டமே இல்லாவிட்டால் கெட்டிக்காரர் ஒருவர் எல்லா நகர்வையும் மனப்பாடம் செய்துவிடுவார். அதிர்ஷ்டத்தை எங்கே வைப்பது? காற்றில்.

ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஒரே ஒரு தாயக்கட்டை. நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று விழுந்தால் மலைக்காற்று. அந்த முறை புலிகளுக்கு ஒரு புள்ளி கூடுதலாக ஆறும். வெறுமை விழுந்தால் புழுக்கம்; ஒரு புள்ளி குறைவாக ஆறும். மற்ற இரண்டுக்கும் மாற்றமில்லை. கூட்டிக் கழித்தால் சராசரி மாறவில்லை, ஆனால் நண்பகல் புலியின் கணக்கு ஆடத் தொடங்குகிறது. சாதாரணமாக மூன்று குதி குதிக்கும் புலி, புழுக்கம் தொடர்ந்தால் இரண்டோடு நின்றுவிடும். காற்று விடாமல் வீசினால் ஆறு குதி குதிக்கும்.

முக்கியமானது, கட்டை உருண்டதை இரு தரப்பும் பார்த்த பிறகுதான் காய் நகரும். புழுக்கம் என்று தெரிந்தும் புலியைக் குதிக்கவைத்தவர் கணினியைத் திட்ட முடியாது. திரையில் சதவீதம் காட்ட வேண்டியதும் இல்லை. மனத்துக்கு ஏற்ப எண்ணை வளைக்க வேண்டியதும் இல்லை. ‘ஃபயர் எம்பளம்’ செய்த வளைப்பு கெட்டிக்காரத்தனமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் காட்டும் எண்ணும் நடக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கும் ஆட்டமே மேல். மறைத்துவைத்த சலுகையை ஒரு நாள் ஆட்டக்காரர் கண்டுபிடித்தால், அதற்கு முன் ஜெயித்த களங்களெல்லாம் கசந்துபோகும்.

முதலில் சாக்பீஸ்

இவ்வளவையும் படித்துவிட்டு நேராகக் கணினியைத் திறப்பது பண விரயம். தரையில் சாக்பீஸால் பலகை, ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்கு மூன்று கூழாங்கல், ஒரு தாயக்கட்டை, வெப்பப் புள்ளியைக் குறிக்க ஒரு பழைய நோட்டு. ஆட்டத்தைக் கட்டியவர் பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. விதியை விளக்க ஆரம்பித்தால், விதி தாளில் சரியாக எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

குறித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. எத்தனை மணிக்கு முதல் புலி அணைந்தது? உருண்டுபோன ஆட்களில் எத்தனை பேர் திரும்பி ஏறினார்கள்? சாலைவழியை யாராவது பயன்படுத்தினார்களா, அல்லது எல்லாரும் படியிலேயே நெருக்கியடித்தார்களா? புலித் தரப்பு தொடர்ந்து ஜெயித்தால் தொடக்க நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளி மறுபடி ஆட வேண்டும். ஆட்டுத் தரப்பு ஜெயித்தால் முன்னுக்கு. ஒரு நேரத்தில் ஒரு திருகுதான்; காற்றையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆடுபவர் எந்த முறையில் கொட்டாவி விட்டார் என்பதையும் மணியோடு எழுத வேண்டும். அது பெரும்பாலும் எல்லா ஆடுகளும் இறங்கும் முன்னால், பதினொரு மணி வாக்கில் நடக்கும் என்று எதிர்பார்க்கலாம்: புலி இன்னும் சூடாகவில்லை, ஆடு இன்னும் போதவில்லை. அந்த மந்தமான நேரத்துக்கு ஒரு முறையில் இரண்டு ஆடுகளை இறக்கலாம் என்று விதியைத் திருத்தினால், மீதி எண்கள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டிவரும்.